ஊரின் பெயர் நோயின் பெயரான வரலாறு

ஊர்கள் பல வகையாற் பெயர் பெறுகின்றன. கோயிலாற் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. அரசராலும் புலவராலும் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. நெய்யும் துணியாலும் விளையும் கனியாலும் பெயர் பெற்றனவும் உண்டு. யப்பான் தேசத்தின் தெற்கே, கியூஷூத் தீவின் மேற்குக் கரையிலுள்ள மினமாட்டா என்னும் ஊரோ ஒரு நோயினாற் பெயர் பெற்றது. உலகெங்குமுள்ள மருத்துவ நூல்களில் இன்று 'மினமாட்டா நோய்' என்னும் பெயரைக் காணலாம். பாதரசம் கலந்த மீனை உண்டவர்க்கு வந்த நோய் அது. அந்நோய் எவ்வாறு வந்தது என்பது ஒரு வரலாறு. வந்த காரணம் அறியப்பட்ட பின்னரும் அது ஏன் நிறுத்தப்படவில்லை என்பது மற்றொரு வரலாறு. இவ்விரண்டனுள்ளும் பின்னையதே நேயர்கள் பெரிதும் சிந்தித்தற்குரியது.

பாதரசம் மனிதனுக்குப் புதியதன்று. சாதாரண வெப்பநிலையில் நீர்போல ஓடும் இவ்வுலோகத்தைச் சித்த வைத்தியர்கள் இரசம் என அழைத்து, பல முறைகளாற் சுத்தி செய்து மருந்துகளிற் சேர்த்தனர். ஸ்பெயின் தேசத்து அல்மடேன் சுரங்கங்களிலே தண்டனை பெற்ற கைதிகள் அதனை அகழ்ந்தெடுத்தனர். ஐரோப்பாவிலே உரோமத் தொப்பி செய்வோர் பாதரச உப்பினால் உரோமத்தைப் பதப்படுத்தி, அதன் ஆவியைச் சுவாசித்துக் கைநடுக்கமும் மனக்கலக்கமும் உற்றனர். ஆகவே, பாதரசத்தைக் கையாளுபவர்க்கு அதனால் தீங்குண்டு என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. ஆனால் பாதரசத்தைக் கையாலே தொடாதவரும் கண்ணாலே காணாதவரும், தம் முன்னோர் உண்ட உணவையே உண்டு, அதனால் அந்நஞ்சுக்கு இரையாதல் கூடும் என்பதனை உலகுக்கு உணர்த்திய ஊர் மினமாட்டாவாகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவ்வூர் மக்கள் உப்பு விளைத்தும், பயிர் செய்தும், மீன் பிடித்தும் வாழ்ந்தனர். ஊரின் எதிரே ஷிரானுயிக் கடல் பரந்துள்ளது. தீவுகளாற் சூழப்பட்ட உட்கடலாதலின் அங்கே அலை குறைவு, மீன் மிகுதி. 1908ஆம் ஆண்டு நொகுச்சி ஷிதகாவு என்னும் பொறியியலாளர் அவ்வூரிலே காபைட்டுத் தொழிற்சாலையொன்றை நிறுவினார். அது நைதரசன் பசளை செய்யும் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தது. யப்பானிய மொழியிலே 'சிஸ்ஸோ' என்னும் சொல் நைதரசனைக் குறிக்கும். பிற்காலத்தில் அக்கம்பனியின் பெயரும் அதுவேயாயிற்று.

தொழிற்சாலை ஊருக்கு வாழ்வளித்தது என்பதை மறுத்தற்கில்லை. வேலையும் அதுவே கொடுத்தது; வரிப்பணமும் அதுவே கொடுத்தது; நல்லதொரு வைத்தியசாலையையும் அதுவே நடத்தியது. தொழிற்சாலையின் முகாமையாளராயிருந்த ஹஷிமொட்டோ ஹிக்கொஷிச்சி என்பவரே பின்னர் ஊரின் நகரபிதாவாகவும் தெரிவு செய்யப்பட்டார். கழிவு நீரால் மீன்வளம் கெடுகின்றது என்று மீனவர் முறையிட்டபோது, 1926ஆம் ஆண்டிலும் 1943ஆம் ஆண்டிலும் கம்பனி அவர்களுக்குச் சிறிது பணம் கொடுத்தது. பணத்தோடு ஓர் உடன்படிக்கையும் வந்தது. இனி முறையிடுவதில்லை என்பதே அதன் சாரம். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வுடன்படிக்கைகளை நினைவில் வைத்தல் வேண்டும்.

1932ஆம் ஆண்டு அத்தொழிற்சாலை அசற்றல்டிகைட்டு என்னும் இரசாயனப் பொருளைச் செய்யத் தொடங்கியது. பிளாஸ்டிக் முதலிய பல பொருள்களைச் செய்வதற்கு இது வேண்டப்படுவது. இதனை ஆக்கும் முறையில் பாதரச சல்பேற்று ஊக்கியாகப் பயன்பட்டது. ஊக்கி என்பது, தான் பெரிதும் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள். ஆயினும் தாக்கம் நிகழும் கலத்திலேயே பாதரசத்தின் ஒரு சிறு பகுதி மெதைல் பாதரசம் என்னும் சேர்வையாக மாறியது. அது கழிவு நீரோடு கலந்து ஹியாக்கென் என்னும் சிறு துறைமுகத்தின் வழியாக மினமாட்டா விரிகுடாவைச் சேர்ந்தது. 1932ஆம் ஆண்டில் 210 தொன்னாயிருந்த அசற்றல்டிகைட்டு உற்பத்தி, 1951ஆம் ஆண்டில் 6,000 தொன்னாயிற்று. 1960ஆம் ஆண்டில் 45,245 தொன்னாக உயர்ந்தது. அந்த இறுதித் தொகையை எட்டிய ஆண்டு யாது என்பதும் நினைவில் நிற்கட்டும்.

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே விரிகுடாவில் விபரீதக் குறிகள் தோன்றின. மீன்கள் செயலற்று நீரின்மேல் மிதந்தன. காகங்கள் பறக்கும்போதே தரையில் வீழ்ந்தன. கரையோரக் குடிசைகளிலே வாழ்ந்த பூனைகள் கால் தள்ளாடி, வட்டமாகச் சுழன்று, வலிப்புற்று, கடலில் வீழ்ந்து இறந்தன. மக்கள் அதனைப் பூனைகளின் கூத்து நோய் என்றனர். பூனை உண்டதும் அதனை வளர்த்தவர் உண்டதும் ஒரே மீன்தான் என்பதை அப்போது எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் தேதி, நடக்கவும் பேசவும் இயலாது வலிப்புற்ற ஐந்து வயதுச் சிறுமியொருத்தியைத் தொழிற்சாலை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தனர். இரண்டு நாளின் பின் அவளுடைய தங்கைக்கும் அதே குறிகள் தோன்றின. அயல் வீடுகளிலும் அத்தகைய நோயாளர் இருப்பது தெரியவந்தது. அவ்வைத்தியசாலையின் தலைமை வைத்தியர் ஹொசொகவா ஹஜிமே, மே மாதம் 1ஆம் தேதி, நரம்பு மண்டலத்தின் மையத்தைத் தாக்கும் இனந்தெரியாத நோயொன்று பரவுகின்றதென்று ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாள் அதுவேயாகும். கம்பனியின் ஊதியம் பெற்ற வைத்தியர் ஒருவரே அதனை அறிவித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

நோயின் குறிகள் கொடியவை. முதலில் விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகும். சட்டையின் பொத்தானை மாட்டவும் உணவைக் கையாற் பற்றவும் இயலாது போகும். பார்வை வட்டம் குழாய்க்குள்ளே பார்ப்பதுபோற் சுருங்கும். செவி மந்தமாகும், நாக் குழறும், நடை தள்ளாடும். கடுமையாகத் தாக்கப்பட்டவர் வலிப்புற்று, நினைவிழந்து, சில கிழமைகளில் இறந்தனர். 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதமளவில் 40 நோயாளர் கண்டறியப்பட்டனர்; அவர்களுள் 14 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். தொற்றுநோயென்று அஞ்சிய சுற்றத்தார் அக்குடும்பங்களை ஒதுக்கினர். வீடுகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. நோயினால் வாடியவர்கள் ஊராரின் புறக்கணிப்பினாலும் வாடினர்.

குமமோட்டோப் பல்கலைக்கழக மருத்துவ அறிஞர்கள் ஆராய்ச்சியைத் தொடங்கினர். இது தொற்றுநோயன்று, விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்பதனால் வரும் உலோக நஞ்சு என்று அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே அவர்கள் ஐயுற்றனர். 1957ஆம் ஆண்டு மினமாட்டாச் சுகாதார நிலையத்திலே, நோயற்ற பூனைகளுக்கு விரிகுடாவின் மீனை உணவாகக் கொடுத்தபோது அவற்றுக்கும் அந்நோய் வந்தது. எவ்வுலோகம் என்பது தெரியாவிடினும், மீனிலே நஞ்சுண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? மாகாண அதிகாரிகள் அம்மீனை விற்பதைச் சட்டத்தினால் தடுக்க எண்ணி மத்திய சுகாதார அமைச்சின் கருத்தைக் கேட்டனர். விரிகுடாவிலுள்ள மீன்கள் யாவும் நஞ்சுற்றனவென்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை; ஆதலின் அச்சட்டத்தைப் பிரயோகித்தல் இயலாது என்று 1957ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் மறுமொழி வந்தது. எல்லா மீனும் நஞ்சென்று நிறுவும்வரை, எந்த மீனையும் தடை செய்யலாகாது என்பதே இம்மறுமொழியின் பொருள்.

நஞ்சின் பெயரை அறிவதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு குறிப்புக் கிடைத்தது. விதைநெல்லும் பிற தானியங்களும் பூஞ்சணம் பிடியாவண்ணம் பூசப்படும் மெதைல் பாதரச மருந்தைச் செய்த தொழிலாளர் நால்வருக்கு ஏற்பட்ட நரம்பு நோயை 1940ஆம் ஆண்டு ஹன்ரர் முதலிய ஆங்கில மருத்துவர்கள் விவரித்திருந்தனர். 1958ஆம் ஆண்டு மினமாட்டாவுக்கு வந்து நோயாளரைப் பார்த்த மக்கல்பைன் என்னும் பிரித்தானிய நரம்பியல் நிபுணர், இரண்டு நோயும் ஒத்திருப்பதைச் சுட்டினார். குமமோட்டோ அறிஞர்கள் பாதரசத்தைத் தேடினர். கழிவு நீர்க் கால்வாயின் வாயிலிலே, ஒரு தொன் சேற்றில் சுமார் 2 கிலோகிராம் பாதரசம் இருப்பதைக் கண்டனர். நோய் பரவாத இடத்து மக்களின் தலைமயிரிலே பத்து இலட்சம் பங்குக்குச் சராசரி 4 பங்கு பாதரசம் இருக்க, நோயாளர் ஒருவரின் மயிரிலே 705 பங்கு இருந்தது. 1959ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆம் தேதி, நோய்க்குக் காரணம் சேதனப் பாதரசச் சேர்வையே என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

பரந்த கடலிலே கலந்த சிறிதளவு நஞ்சு மனிதனைக் கொல்லுவது எங்ஙனம்? சாதாரண பாதரசத்தை விழுங்கினால் அதன் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். மெதைல் பாதரசமோ அத்தகையதன்று. உண்டவற்றுள் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்திற் சேர்ந்துவிடும். உடலை விட்டு மெல்லவே நீங்கும். கடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை ஏற்கின்றன. அவற்றைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிவடைகிறது. இறுதிப் படியிலே நிற்பவன் மீனவன். அவன் உடலிலே அது மூளையைக் காக்கும் தடையையும் கடந்து சென்று, அங்குள்ள நரம்புக் கலங்களை அழிக்கின்றது. அழிந்த கலங்கள் மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின் அந்நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இனி வைத்தியர் ஹொசொகவாவின் செய்திக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு யூலை மாதம் அவர் தம் வைத்தியசாலையிலே அசற்றல்டிகைட்டுப் பகுதியின் கழிவு நீரைப் பூனையொன்றின் உணவிற் கலந்து கொடுத்தார். அப்பூனையின் இலக்கம் 400. ஒக்டோபர் மாதத்தில் அது தள்ளாடியது, வலிப்புற்றுச் சுழன்றது. காரணம் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. அவர் அதனைக் கம்பனியின் மேலாளர்க்குத் தெரிவித்தார். அச்செய்தி வெளியிடப்படவில்லை, அச்சோதனையைத் தொடரவும் அனுமதி கிடைக்கவில்லை. 1956இல் நோயை உலகுக்கு அறிவித்த வைத்தியர், 1959இல் அதன் காரணத்தை அறிந்தும் வாளாவிருந்தார்.

அவ்வாண்டு இறுதி மாதங்களில் நிகழ்ந்தவை பல. போரின் முடிவிலே கடலில் எறியப்பட்ட வெடிமருந்தே காரணம் என்றனர் சிலர். அழுகிய மீனில் உண்டாகும் நஞ்சே காரணம் என்றனர் வேறு சிலர். கல்வி கற்றோர் வாயிலிருந்து வந்தமையால் இவ்வாதங்களும் ஆராய்ச்சிபோலத் தோன்றின. உண்மையை ஐயப்பாடாக மாற்றுவதற்கு அவை பயன்பட்டன. நவம்பர் 12ஆம் தேதி சுகாதார அமைச்சின் ஆலோசனைச் சபை, காரணம் சேதனப் பாதரசம் என்று ஒப்பிய போதிலும் அது வந்த இடத்தைக் கூறவில்லை. மறுநாளே ஆராய்ச்சிக் குழு கலைக்கப்பட்டது. டிசெம்பர் மாதம் தொழிற்சாலையில் கழிவு நீரைச் சுத்தி செய்யும் பொறியொன்று பெருவிழாவுடன் நிறுவப்பட்டது. மக்கள் ஆறுதலடைந்தனர். கரைந்துள்ள சேதனப் பாதரசத்தை நீக்குவதற்காக அப்பொறி அமைக்கப்படவேயில்லை என்பது பின்னரே வெளியாயிற்று.

டிசெம்பர் 30ஆம் தேதி நோயாளர் குடும்பங்களோடு ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. இறந்தவருக்கு 3 இலட்சம் யென்னும் ஈமச்செலவுக்கு 20,000 யென்னும். உயிரோடிருக்கும் வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் யென். பிள்ளைக்கு 30,000 யென். அது நட்டஈடு அன்று. அனுதாபப் பணம் எனப்பட்டது. தொழிற்சாலையே காரணமென்று பிற்காலத்தில் தெளிவானாலும் மேலும் பணம் கேட்பதில்லை என்ற விதியும் அதில் இருந்தது. கம்பனியிடம் பூனை இலக்கம் 400இன் செய்தி இருந்தது. குடும்பங்களிடமோ புத்தாண்டுக்கு அரிசியும் இல்லை. அவர்கள் கையொப்பமிட்டனர். மறு ஆண்டே உற்பத்தி 45,245 தொன்னாக உச்சத்தை அடைந்தது.

கண்ணுக்குத் தெரியாத வேறொரு கூட்டத்தாரும் அப்போது நஞ்சுண்டுகொண்டிருந்தனர். அவர்கள் கருவிலிருந்த சிசுக்கள். அக்காலத்து மருத்துவர், தாயின் உடலிலுள்ள நஞ்சு நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையாது என்று நம்பினர். 1961ஆம் ஆண்டு ஹரடா மசசுமி என்னும் இளம் வைத்தியர் மினமாட்டாவிலே ஒரே வீட்டில் ஒத்த குறிகளையுடைய இரு சகோதரரைக் கண்டார். மூத்தவனுக்கு மினமாட்டா நோய். இளையவன் பிறந்தது முதலே அவ்வாறிருந்தான். அவன் மீன் உண்டதில்லை, ஆதலின் அவனது நோய் வேறு என்று வைத்தியர்கள் கூறியிருந்தனர். தாயோ, அவன் வயிற்றிலிருந்தபோது மீனை உண்டவள் தானே என்றாள். அறிஞர்கள் காணாததை அத்தாய் கண்டிருந்தாள். 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16 பிள்ளைகள், பிறவியிலேயே மினமாட்டா நோயுற்றவர்கள் என ஏற்கப்பட்டனர். பிள்ளையின் தொப்புட்கொடியை உலர்த்திப் பேணும் வழக்கம் யப்பானியரிடம் உண்டு. தாய்மார் பேழைகளிற் பேணிய அக்கொடிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, எந்த ஆண்டிலே பிறந்த பிள்ளை எவ்வளவு நஞ்சை ஏற்றது என்பதற்கு அவையே சான்றாயின.

1965ஆம் ஆண்டு, யப்பானின் வேறொரு கோடியிலே, நிகாட்டா மாகாணத்து அகானோ ஆற்றங்கரையில் அதே நோய் தோன்றியது. அங்கும் ஆற்றின் மேற்பகுதியில் ஷோவா டென்கோ என்னும் கம்பனியின் தொழிற்சாலை, அதே முறையால் அசற்றல்டிகைட்டு செய்திருந்தது. 1959இல் உண்மையை ஏற்று, இம்முறையைக் கையாண்ட தொழிற்சாலைகளின் கழிவு நீரைத் தடுத்திருந்தால் நிகாட்டா மக்கள் தப்பியிருக்கலாம் அல்லவா?

1968ஆம் ஆண்டு மே மாதம் சிஸ்ஸோ கம்பனி பாதரசத்தைக் கொண்டு அசற்றல்டிகைட்டு செய்வதை நிறுத்தியது. பெற்றோலியத்திலிருந்து அதனைச் செய்யும் புதிய முறை வந்தமையால் பழைய முறை பயனற்றுப் போயிற்று; அதுவே நிறுத்தியதன் காரணம். அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் 26ஆம் தேதி, நோய்க்குக் காரணம் தொழிற்சாலைக் கழிவிலிருந்த மெதைல் பாதரசமே என்று அரசாங்கம் அறிவித்தது. நோய் கண்டறியப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டும், காரணம் கண்டறியப்பட்டு ஒன்பது ஆண்டும் கழிந்த பின்னர், நஞ்சு நின்று நான்கு மாதமான பின்னர், அவ்வறிவிப்பு வெளிவந்தது.

1969ஆம் ஆண்டு நோயாளர் குடும்பங்கள் சில வழக்குத் தொடர்ந்தன. அவ்வாண்டிலேயே, மினமாட்டாவில் வாழ்ந்த இஷிமுரே மிச்சிகோ என்னும் பெண்மணி அம்மக்களின் துயரை நூலாக எழுதி நாடெங்கும் அறியச் செய்தார். 1970ஆம் ஆண்டு யூலை மாதம், புற்றுநோயால் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்த ஹொசொகவாவிடம் நீதிமன்றத்தார் சென்று சாட்சியம் பெற்றனர். பூனை இலக்கம் 400 பற்றிய செய்தியை அவர் அப்போது வெளியிட்டார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் அவர் இறந்தார். 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் தேதி குமமோட்டோ நீதிமன்றம் கம்பனியே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. 1959ஆம் ஆண்டு உடன்படிக்கை பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் மாறானதாதலின் செல்லாது என்றது. இறந்தவர் ஒருவருக்கு ஒரு கோடியே 80 இலட்சம் யென் வழங்கக் கட்டளையிட்டது. அரசாங்கத்தின் பொறுப்பைப் பற்றிய தீர்ப்புக்கு மேலும் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1959ஆம் ஆண்டு முடிவுக்குள் கழிவு நீரைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரயோகியாமை சட்டவிரோதமே என்று 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் தேதி யப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இரு பகுதிகளிலும் சட்டப்படி நோயாளராக ஏற்கப்பட்டவர் சுமார் 3,000 பேர். ஏற்கப்படாது முறையிட்டோர் பல்லாயிரவர். விரிகுடாவின் அடியிலிருந்த நஞ்சுச் சேற்றில் சுமார் 15 இலட்சம் கனமீற்றர் 1977ஆம் ஆண்டு தொடக்கம் 1990ஆம் ஆண்டு வரை அகற்றிப் புதைக்கப்பட்டது. அவ்விடம் இன்று 58 ஹெக்ரேயர் நிலமாக உள்ளது. நஞ்சுற்ற மீன் வெளியேறாவண்ணம் கடலிற் கட்டிய வலை 1997ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. பாதரசத்தின் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2013ஆம் ஆண்டு குமமோட்டோவிலே ஏற்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் மினமாட்டா உடன்படிக்கை. இலங்கையும் அதில் இணைந்த நாடுகளுள் ஒன்று.

கடல் சூழ்ந்த இந்நாட்டிலே மீன் அன்றாட உணவு. இவ்வரலாற்றைக் கேட்டு மீனையே வெறுத்தல் வேண்டியதில்லை. சுறா முதலிய பெருமீன்களைக் கர்ப்பவதிகள் தவிர்ப்பது நன்று. சிறுமீன்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறு. ஓர் ஊரின் பூனைகள் சாகும்போதும், கரையிலே மீன் ஒதுங்கும்போதும், கிணற்று நீரின் நிறம் மாறும்போதும், முதலிற் கண்டு முறையிடுவோர் பெரும்பாலும் எளியவராகவே இருப்பர். அவர்களிடம் ஆய்வுகூடம் இராது. கண்கண்ட சான்றே இருக்கும். முழுச் சான்று வரட்டும் என்று அவர்களைக் காத்திருக்கச் சொல்வது எளிது. அக்காத்திருப்பின் விலையை மினமாட்டாவிலே கொடுத்தவர், காத்திருக்கச் சொன்னவர் அல்லர்.

ஆண்டுதோறும் மே மாதம் 1ஆம் தேதி, சேற்றை மூடிய அந்நிலத்திலே மக்கள் கூடி இறந்தவரை நினைந்து வணங்குகின்றனர். ஹொசொகவா தம் அறிக்கையை அனுப்பிய நாள் அது. பிறவியிலேயே நோயுற்ற பிள்ளைகளுட் சிலர் இன்று முதுமையை எய்தி, பிறர் துணையோடு அங்கே வருகின்றனர். அவர்களுட் பலர் பிறந்தது அவ்வறிக்கை எழுதப்பட்ட காலத்தை அண்டிய ஆண்டுகளிலேயாம்.